கிளாரா நிகழ்த்திய வரவேற்புரை

2014 மார்ச் 15, சனிக்கிழமை, மாலை நான்கு மணிக்கு எங்கள் நகரின் மவுண்ட் ரோஸ்கில் பகுதியில் ஒரு சமூக மண்டபத்தின் வாசலில் கிளாராவை முதன்முதலாகச் சந்தித்தேன். அம்மண்டபத்தின் நிர்வாகக் குழுவில் நான் இருந்தேன். 'உயிர்களின் வடிவமைப்பு' என்ற அறிவியல் உரைத்தொடருக்காக அவரும் ஏற்பாட்டாளரும் இடம் பார்க்க வந்திருந்தார்கள். சமயக் கூட்டமென்றால் அதை வெளிப்படையாக அறிவித்தாக வேண்டும் என்பது எங்கள் விதி.

"இது தேவாலயக் கூட்டமா?" என்று கேட்டேன்.

"இல்லை ஐயா, தனி விஞ்ஞானம்," என்றார் ஏற்பாட்டாளர் செல்வரத்தினம். "வடிவமைச்சது ஆரெண்டு நாங்கள் கதைக்கவே மாட்டம்."

"எங்க சபைதான் சார் நடத்துது," என்றார் அருகில் நின்ற கிளாரா. "வடிவமைச்சவரு யாருன்னு எல்லாருக்கும் தெரியும். சொல்றதுக்கு என்னா வெக்கம்?"

"சிஸ்டர் பகிடி விடுறா," என்று செல்வரத்தினம் சிரித்தார். நானும் அதற்குமேல் கேட்கவில்லை.

கிளாரா ஈப்போவில் பிறந்தவர். மருத்துவ ஆய்வகத்தில் இரத்தப் பரிசோதனை செய்பவர். நெடுங்காலமாகச் சபையின் ஞாயிறு பள்ளியில் சிறுவர்களுக்குப் பாடம் சொன்னவர். கடவுளே உலகைப் படைத்தார் என்பதில் அவருக்கு ஐயமில்லை. அந்தக் கடவுளை ஒளித்துவைத்துப் பேசுவதைத்தான் பொறுக்க முடியவில்லை. மன்னிப்பைப் பற்றி மிக அழகாகப் பாடம் நடத்துவார் என்பார்கள். தமக்கு இழைக்கப்பட்ட தீங்கை அவர் மறந்ததாக மட்டும் எவரும் சொன்னதில்லை.

மறுநாளே, சபைச் செயலாளருமான செல்வரத்தினம் அவருடைய வகுப்பைப் பறித்தார். "வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத ஆக்களிட்டப் பிள்ளையளை விடேலாது." ஆனால் 'வரவேற்புரை: அறிவியலாளர் கிளாரா' என்று அச்சிட்ட விளம்பரத்தை மாற்றவில்லை. சபையில் அறிவியல் படித்தவர் வேறொருவர் இல்லை.

"விட்டுத் தள்ளு, நீ போகாத," என்றார் கணவர் ராஜூ.

"போவேன். பேரு போட்டிருக்காங்கல்ல?"

முதல் உரை நாளன்று முன்வரிசைகளில் சபையார். பின்வரிசைகளில் அழைக்கப்பட்ட ஆசிரியர்களும் எங்கள் குழுவினரும். ஜெபம் கூடாது என்று சபையாருக்கு முன்னரே சொல்லப்பட்டிருந்தது.

கிளாரா மேடையேறி, "ஆரம்ப ஜெபம் பண்ணுவோம்," என்றார்.

பழக்கம் முந்திக்கொண்டது. முன்வரிசைத் தலைகள் அனைத்தும் குனிந்தன. பெண்கள் முந்தானையால் தலையை மூடினர். அன்று உரையாற்ற வந்திருந்த பேச்சாளரும் கண்களை மூடினார். புரொஜெக்டர் அருகே செல்வரத்தினமும் கைவிரல்களைக் கோத்து நின்றார். கிளாரா மட்டும் கண்களைத் திறந்து வைத்து, பின்வரிசையைப் பார்த்தபடி நிதானமாகச் சொன்னார்:

"எங்களைப் படைத்த இயேசுவே, இன்று உம்முடைய நாமத்தைச் சொல்லாமலே உம்மைக் குறித்துப் பேசப்போகிறோம். உம்மை மறைத்துவைத்த செல்வரத்தினம் சகோதரரை மன்னித்தருளும்."

"ஆமென்!" என்று மண்டபம் அதிர்ந்தது. செல்வரத்தினமும் சொன்னார், சொன்ன பிறகே திடுக்கிட்டுக் கண் விழித்தார்.

"என்னை அவமானப்படுத்திப் போட்டியள்!" என்று கூட்டம் முடிந்ததும் வாசலில் சீறினார்.

"நான் ஜெபந்தானே பண்ணேன் பிரதர்? ஆமென் சொன்னது நீங்க."

எஞ்சிய உரைகளுக்கு எங்கள் குழு அனுமதி மறுத்தது. செல்வரத்தினம் வெளியாருக்குப் பொய் சொன்னதை அறிந்த சபை மூப்பர்கள் வகுப்பைக் கிளாராவிடமே திருப்பிக் கொடுத்தனர். கிளாரா எந்த ஞாயிறன்று கேட்கிறாரோ அன்று செல்வரத்தினம் சபைமுன் எழுந்து அவரிடம் மன்னிப்புக் கோர வேண்டும் என்றும் தீர்ப்பளித்தனர்.

ஏன் இன்னும் கேட்கவில்லை என்று கிளாராவிடம் ஒருமுறை விசாரித்தேன்.

"நான் கேட்டா மன்னிப்பு சொல்லிட்டு, வீட்டுக்குப் போயி நிம்மதியாத் தூங்குவாரு சார்."

2019இல் செல்வரத்தினம் நகரின் இன்னொரு பகுதியான பக்குரங்காவுக்குக் குடிபெயர்ந்து வேறு சபையில் சேர்ந்தார். அதுவரை ஞாயிறுதோறும், அறிவிப்பு நேரம் வந்ததும், கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு காத்திருந்தார். கிளாரா ஒருநாளும் கேட்கவில்லை.