ஆபத்தில்லாத திருத்தங்கள்

திண்டிவனத்தில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்த அந்த ஆண்டுகளில், சென்னைக் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே முடித்துவிட்டு, மீதி நேரத்தை ஒரு கம்பைலருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நாம் எழுதும் நிரலை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தருவது கம்பைலர். எங்களுடையது எல்லோருக்கும் பொதுவானது. முகம் தெரியாத யார் வேண்டுமானாலும் திருத்தம் எழுதி அனுப்பலாம். வந்தவற்றைச் சேர்க்கும் ஏழெட்டுப் பேரில் நான் ஒருவன். சம்பளம் கிடையாது. “காசு தராத வேலைய எதுக்குடா இப்பிடி மாஞ்சி மாஞ்சி செய்யற?” என்பாள் அம்மா. எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். நான் உருப்படியாகச் செய்கிற ஒரே வேலை அதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு திருத்தத்தைச் சோதித்துப் பார்க்க இயந்திரங்களுக்கு மூன்று மணி நேரம் பிடிக்கும். ஒவ்வொன்றாகச் சோதித்தால் வரிசை நகராது. அதனால் சின்னச் சின்னவற்றை, எதையும் கெடுக்காது என்று தோன்றுகிறவற்றை, பத்துப் பன்னிரண்டாகச் சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்புவோம். தேறினால் எல்லாமே ஒன்றாக உள்ளே போகும். ஒன்று சொதப்பினாலும் மொத்த மூட்டையும் திரும்பி வரும். அந்த ஒன்றைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மறுபடி கட்ட வேண்டும். காத்திருப்பவர்களுக்கு, ‘அடுத்த மூட்டையில் போட்டுவிடுகிறேன்’ என்று மரியாதையாகப் பதில் எழுதுவேன். யாரும் சண்டைக்கு வந்ததில்லை. எது ஆபத்தில்லாதது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வதில் கெட்டிக்காரன் என்ற கர்வம் வேறு எனக்கு இருந்தது.

அம்மா கிளியனூரில் தனியாக இருந்தாள். அப்பா போன பிறகும் நிலத்தை விடவில்லை. சர்க்கரை நோய்க்காரி. போனில் அவள் சொல்வதெல்லாம் சின்னச் சின்னக் குறைகள்தான். கண் மங்கலாகத் தெரிகிறது, கடைவாய்ப் பல் ஆடுகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் லீவு போட்டு அலைய என்னால் முடியாது. எல்லாவற்றையும் ஒரு சனிக்கிழமை ஒரேயடியாகக் காட்டிவிடலாம் என்றேன். அவளும் சரியென்றாள்.

நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கும் சமயத்தில் ஒருநாள் கூப்பிட்டாள்.

“கால்ல என்னமோ குத்திக்கிச்சிடா. லேசா புண்ணாயிருக்கு.”

“வலிக்குதா?”

“வலியெல்லாம் இல்ல. நடந்துக்கினுதான் இருக்கறேன்.”

“அப்ப ஒண்ணும் இல்லம்மா. சனிக்கிழம கண்ணோட சேத்து அதையும் காட்டிடலாம்.”

சர்க்கரைக்காரர்களுக்குக் காலில் புண் இருந்தும் வலிக்காமல் இருப்பதுதான் மோசம் என்பது எனக்குத் தெரியாததல்ல. எங்கேயோ படித்திருந்தேன். யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தச் சனிக்கிழமை கண் டாக்டர் வெளியூர் போயிருந்தார். காலை மட்டுமாவது காட்ட வரச் சொல்லியிருக்கலாம். ஒரு புண்ணுக்காக பஸ் ஏறி வருவானேன் என்று அடுத்த வாரத்துக்குத் தள்ளினேன். அடுத்த சனிக்கிழமை என் மூட்டையொன்று சோதனையில் விழுந்தது. பதினோரு திருத்தங்களில் எது குற்றவாளி என்று காலையிலிருந்து தேடினேன். ஆபத்தில்லாதது என்று நானே குறித்திருந்த ஒற்றை வரித் திருத்தம்தான். அதை எடுத்துவிட்டதும் மற்ற பத்தும் தேறின. சாயங்காலம் அம்மாவுக்குப் போன் செய்து, அடுத்த வாரம் கட்டாயம் என்றேன்.

“நீ வேலயப் பாருடா. நான் மஞ்சப்பத்து போட்டுக் கட்டிக்கினு இருக்கறேன்” என்றாள்.

மூன்றாவது சனிக்கிழமை நொண்டிக்கொண்டே பஸ்ஸிலிருந்து இறங்கினாள். துணியை அவிழ்ப்பதற்கு முன்பே நாற்றம் வந்தது. இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. திண்டிவனத்து டாக்டர் பார்த்த உடனே முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். எத்தனை நாளாக இருக்கிறது என்று அங்கே கேட்டார்கள். மூன்று வாரம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அம்மாதான், “இப்பதாங்க, ரெண்டு மூணு நாளா” என்று எனக்காகப் பொய் சொன்னாள். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

முட்டிக்குக் கீழே காலை எடுத்தார்கள். என் மூட்டைகளில் எது கெட்டாலும் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். அந்தப் பழக்கத்தில் அவசரம் என்ற ஒன்று இருப்பதையே மறந்துபோயிருந்தேன்.

நான்காம் நாள் காலை வார்டில் அவளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. திட்டுவாள் என்று நான்கு நாளாகக் காத்திருந்தேன், திட்டியிருந்தால் தேவலை. அவள் கடைவாயை நாக்கால் தடவிப் பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“இங்க இருக்கும்போதே அந்தப் பல்லயும் கண்ணயும் சேத்துக் காட்டிடலாமாடா? இன்னொரு தபா உனக்கு எதுக்கு அலைச்சல்?”