றுக்கியாவின் கழுவின போத்தல்கள்

அந்தக் காலத்தில் கிண்ணியாவில் குப்பை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்கவில்லை. எழுபதுகளின் நடுவில், ஒரு றாத்தல் பாணுக்கே விடியமுன் பேக்கரி வாசலில் வரிசையில் நின்ற சனத்திடம் எறிவதற்கு என்ன இருக்கும்? பால்மாப் பேணி அரிசி அளக்கும் சுண்டாகும். சாரம் கிழிந்தால் தொட்டிலாகும், அதுவும் கிழிந்தால் சட்டி இறக்கும் பிடிதுணியாகும். போத்தலுக்கோ ராஜ மரியாதை. போத்தல் கொண்டுபோகாதவருக்குக் கடையில் எண்ணெயும் இல்லை, ஆஸ்பத்திரியில் தண்ணிமருந்தும் இல்லை.

அந்தப் போத்தலை நம்பித்தான் றுக்கியா வீட்டில் அடுப்பு எரிந்தது. அவளுடைய புருசன் மஹ்ரூப் சீனன்குடாவில் மூட்டை தூக்கப் போய் இடுப்பு முறிந்து பாயில் விழுந்துவிட்டார். அன்றிலிருந்து அவள் சாக்கும் கையுமாக வீடுவீடாகப் போனாள். பழைய போத்தலை வாங்கிக்கொண்டு ஒரு சிரட்டை உப்போ ஒரு பிடி புளியோ கொடுப்பாள். ஆற்றங்கரையில் மணலும் சாம்பலும் போட்டுக் கழுவி, வெயிலில் கவிழ்த்துக் காயவைத்து, ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் வைப்பாள்.

வேறு பெண்களும் விற்றார்கள். ஆனால் றுக்கியாவுக்கு ஒரு மூக்கு இருந்தது. கழுவிக் காய்ந்த போத்தலையும் மூக்கில் வைத்து மணந்து, இதில் மண்ணெண்ணெய் இருந்தது, இதில் வினாகிரி, இதில் வயலுக்கு அடிக்கிற நஞ்சு என்று பிரித்துவிடுவாள். நஞ்சுப் போத்தல் அவள் சாக்கில் தங்காது. "றுக்கியா மணந்ததெண்டா கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்" என்று தாய்மார் சொல்வார்கள்.

மாரியில் வந்த ஒரு காய்ச்சல் அந்த மூக்கைக் கொண்டுபோய்விட்டது.

"என்ன கருகுது? நீ அடுப்படியிலதானே நிக்கிறாய்?" என்று மஹ்ரூப் பாயில் கிடந்தபடி கேட்டபோதுதான் அவளுக்கே விசயம் தெரிந்தது. சட்டிக்குள் மீன் கரியாகிக் கிடந்தது. ஏதோ யோசனையில் நின்றதாகச் சொல்லிச் சமாளித்தாள். வெளியே சொன்னால் யார் வாங்குவார்கள்? முன்பைவிட இரண்டு மடங்கு சாம்பல் போட்டுத் தேய்த்தாள். யாராவது வாங்க வந்தால் பழையபடி போத்தலை மூக்கில் வைத்து, கண்ணை மூடி, தலையை ஆட்டுவாள். பாவம், அந்தத் தலையாட்டலில்தான் வீட்டுச் சோறு கிடந்தது.

மாரி போய்ச் சில மாதம் கழிந்த ஒரு சனிக்கிழமை. நல்ல மழை, வாசலில் கூட்டம் இல்லை. ஜெஸீமா என்ற இளம் தாய் மட்டும், காய்ச்சல் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு கால்போத்தல் வாங்கினாள். றுக்கியா மணந்து, தலையாட்டிக் கொடுத்தாள். வீட்டுக்குத் திரும்பும் வழியில் வயல்காரர் பக்கீர் அவளை மறித்தார்.

"முந்தநாள் எண்ட பொஞ்சாதி உனக்குத் தந்த கால்போத்தல்களில ஒண்டு நஞ்சுப் போத்தல் றுக்கியா. லேபல் கழண்டுபோனதால அவளுக்குத் தெரியல்ல. நீ மணந்து ஒதுக்கியிருப்பாய்தானே?"

"ஓம் காக்கா," என்றாள். அவர் நிம்மதியாகப் போய்விட்டார்.

தெருவோரத்திலேயே சாக்கைக் கொட்டிப் பார்த்தாள். எல்லாம் ஒரே கண்ணாடி, ஒரே பளபளப்பு. ஒவ்வொன்றாக மூக்கில் அழுத்தி மூச்சு முட்ட இழுத்தாள். மழைக் குளிர்தான் உள்ளே போனது. நஞ்சு இந்தச் சாக்கில் இருக்கலாம், ஜெஸீமாவின் கையிலும் இருக்கலாம். சாக்கைச் சுமந்துகொண்டு, ஜெஸீமாவின் வீடு இருந்த குறிஞ்சாக்கேணிப் பக்கம் ஓடினாள்.

ஜெஸீமா கரண்டியில் மருந்தைச் சரித்துக்கொண்டிருந்தாள்.

"குடுக்காத புள்ள. போத்தலில சந்தேகமாயிரிக்கி."

ஜெஸீமா மணந்து பார்த்தாள். "மருந்து மணம்தான் வருது ராத்தா. நாளைக்கு ஆஸ்பத்திரியில மருந்து குடுக்க மாட்டாங்க, புள்ளைக்கு உடம்பு நெருப்பாக் கிடக்கு. நீங்க மணந்து சொல்லுங்க. உங்கட சொல்லு எனக்குப் போதும்."

றுக்கியா வாங்கி மூக்கில் வைத்தாள். பிறகு தலையை இல்லை என்று ஆட்டினாள்.

"அப்ப காலையில மணந்துதானே தந்தீங்க?"

இதற்கு மேல் பொய்க்கு இடமில்லை. "எனக்கு மணம் தெரியாது புள்ள," என்றாள். "மாரியிலயிருந்து தெரியாது."

ஜெஸீமா மருந்தை முற்றத்து மணலில் ஊற்றினாள். வெறும் போத்தலைத் திருப்பிக் கொடுக்கும்போது, "மாரியிலயிருந்து எத்தின புள்ளையள் ராத்தா?" என்று மட்டும் கேட்டாள். றுக்கியா போத்தலைச் சாக்கில் போட்டுக்கொண்டு திரும்பினாள்.

அந்தப் பிள்ளைக்குக் கொத்தமல்லி அவித்த தண்ணீரிலேயே காய்ச்சல் விட்டது. ஆனால் காய்ச்சல் விடுவதற்குள் கதை ஊர் முழுக்கப் பரவிவிட்டது. இனி அவளிடம் போத்தல் வாங்க ஒருவரும் இல்லை. இருந்த போத்தல்களையாவது ஒழிக்க வேண்டும். உடைத்தால் பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுகிற மணல். ஆகவே வீட்டுக்குப் பின்னால் இடுப்பளவு கிடங்கு வெட்டி, எல்லாவற்றையும் முழுசாகப் போட்டு மூடினாள். என்ன புதைக்கிறாய் என்று வேலிக்கு மேலால் எட்டிக் கேட்ட பக்கத்து வீட்டு ஸல்ஹாவுக்கு உள்ளதை உள்ளபடியே சொன்னாள். சொல்லியிருக்கக் கூடாது.

மறுநாள் கிடங்கு வாய் பிளந்து கிடந்தது. றுக்கியா ஆஸ்பத்திரி வாசலுக்கு ஓடினாள். அவளுடைய பழைய இடத்தில் ஸல்ஹா, முன்னால் கழுவின கால்போத்தல்கள்.

"அதுக்குள்ள நஞ்சுப் போத்தல் இரிக்கெண்டு உனக்குச் சொன்னனானே."

"நான் நல்லாக் கழுவினன்," என்றாள் ஸல்ஹா, நிமிராமல். "நீயும் கழுவித்தானே வித்தாய்? எண்ட வீட்டிலயும் நாலு வயிறு இரிக்கி."

றுக்கியா வரிசையில் நின்ற தாய்மாரிடம் கெஞ்சினாள். வியாபாரம் போன வயிற்றெரிச்சல் என்றார்கள். ஒருத்தியின் கையிலிருந்த போத்தலைப் பறித்து மதகில் அடித்து உடைத்தாள். போத்தல் போனவள் பிள்ளையை அணைத்துக்கொண்டு அழுதாள், அவளிடம் இன்னொன்று வாங்க வழியில்லை. காவலாளி வந்து றுக்கியாவைத் தெருவுக்கு அப்பால் தள்ளிக்கொண்டு போய் விட்டான். மத்தியானத்துக்குள் ஸல்ஹாவின் சாக்கு வெறுமையானது.

அந்தப் போத்தல்கள் எந்தெந்த வீட்டுக்குப் போயின என்று யாருக்கும் தெரியாது. அவற்றால் ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றுதான் ஊரில் இன்றும் சொல்கிறார்கள். ஆனால் அது பிள்ளைகள் காய்ச்சலில் போகிற காலம், எது எதனால் போனது என்று யார் கண்டது? கையில் ஏந்தி அடக்கக் கொண்டுபோகும் சின்ன ஜனாஸா ஒன்று தெருவால் போனால் றுக்கியா போட்டது போட்டபடி எழுந்து அந்த வீட்டுக்குப் போவாள். அழுகிற தாயின் பக்கத்தில் இருந்து, மருந்து வாங்கின போத்தல் எங்கே என்று கேட்பாள். எடுத்துக் காட்டினால் வாங்கி, வெகுநேரம் மூக்கில் வைத்துக்கொண்டிருப்பாள்.