கௌரிக் காப்பும் பிலடெல்பியாக் கடிதமும்

என் மகள் பேர்லினில் பிறந்தவள். நாங்கள் இருக்கிற நொய்கெல்ன் பகுதியில் எந்தக் கடையில் முற்றாத முருங்கைக்காய் கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் இருநூறு வருடங்களுக்கு முன் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் எந்தத் தெருவில் பன்றிகள் திரிந்தன, எந்தக் கிணற்றுத் தண்ணீர் குடிக்க உதவாது என்பதெல்லாம் தெரியும். ஓர் ஆவணக் காப்பகத்தில் பழைய தாள்களைப் பழுதுபார்க்கும் வேலைக்கு அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி செய்துகொண்டிருந்தாள். பிலடெல்பியா வளர்ந்துகொண்டிருந்த காலத்தில் இங்கிருந்து கப்பலேறிப் போனவர்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் அந்த வருடம் அவள் மேசைக்கு வந்தன. அகதியாய் வந்தவளின் மகளுக்குப் பிழைப்புத் தேடிப் போனவர்களின் கடிதம் ஒட்டுகிற வேலை. நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அவளுக்குப் பிடித்தது ஒரு பேக்கரிக்காரர் எழுதிய கடிதங்கள். சந்தை, தேவாலயத்துச் சண்டை, பக்கத்து வீட்டுக் கலியாணம் என்று ஒன்றும் விடாமல் தாய்க்கு எழுதியிருந்தார். சாப்பிடும்போது மகள் எனக்கு அவற்றைச் சொல்வாள். அடுத்த கடிதத்தில் என்ன வந்தது என்று நானே கேட்கத் தொடங்கிவிட்டேன்.

ஐப்பசியில் கேதாரகௌரி விரதம் முடிந்து கோயிலில் அவளுக்குக் காப்புக் கட்டினார்கள். நல்ல மஞ்சள் பூசிய நூல். காப்பகத்தில் கையில் ஒன்றும் அணியக்கூடாது, கழற்றட்டுமா என்று கேட்டாள். "கட்டின காப்பை அவிழ்க்கிறதோ? சட்டைக் கைக்குள்ள விட்டிட்டு வேலையைப் பார்" என்றேன். அவளுக்கு அப்போது புரோபெட்சைட். பிடித்தால் வைத்திருப்போம், பிடிக்காவிட்டால் காரணம் சொல்லாமலே அனுப்புவோம் என்கிற மாதங்கள் அவை.

மூன்றாம் நாள் மாலை, சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் குசினி வாசலில் நின்றாள்.

"அம்மா, பேக்கரிக்காரற்ற கடிதத்தில மஞ்சளாய் ஒரு கறை. நான் கை வைக்கிற இடத்தில. காலமை இருந்ததோ எண்டு எனக்கு ஞாபகமில்லை."

அவள் கையைப் பிடித்து இழுத்தேன். மணிக்கட்டைப் பார்த்தேன். வியர்வை பட்டு நூல் வெளுத்திருந்தது.

"ஆரும் கண்டவையோ?"

"இல்லை."

"அப்ப வாய் திறவாதை. கேட்டால் மட்டும் பதில் சொல்லு. நுணலும் தன் வாயால் கெடும்."

மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கேட்டதற்கு மட்டும் பதில், கேட்காததற்கு மௌனம். அகதி விண்ணப்பம் கொடுத்த காலத்தில் எங்கள் சனம் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்த பாடம் அது. என்னை இந்த நாட்டில் இருக்கவைத்ததே அதுதான் என்று நம்பியிருந்தேன். மகள் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள்.

காலையில் நான் எழும்புவதற்குள் போய்விட்டாள். எனக்கு வேலை ஓடவில்லை. ரெஸ்ரோரண்டுக் குசினியில் வெங்காயம் வெட்டுவதைப் பாதியில் விட்டு, சுகமில்லை என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு காப்பகத்துக்கு ரயில் ஏறினேன். காப்பை அவள் வீட்டில் மட்டும்தான் கட்டுவாள், வேலைக்குக் கட்டுவதே இல்லை என்று தாயே சத்தியம் செய்தால் யார் மறுக்கப்போகிறார்கள்? வழி முழுக்க அதை ஜெர்மனில் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

பழுதுபார்க்கும் பிரிவின் தலைவி, நரைத்த தலைமயிரைக் கட்டையாக வெட்டிய பெண், நான் இன்னாரின் தாய் என்றதும் உள்ளே கூட்டிப்போனார். இருட்டறை. மேசையில் ஊதா விளக்கு. மகள் சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டிவிட்டு நின்றாள். காப்பு வெளியே தெரிந்தது. நான் கொண்டுபோன பொய்க்கு இனி வேலையில்லை.

"நல்ல நேரத்தில் வந்தீர்கள், பாருங்கள்" என்று தலைவி அவள் மணிக்கட்டை விளக்கின் கீழ் பிடித்தார். நூல் பளீரென்று பச்சை மஞ்சளாக ஒளிர்ந்தது. பிறகு கடிதத்தை வைத்தார். கறை மங்கலாகவே கிடந்தது. நூலின் மஞ்சள் பட்டிருந்தால் அதுவும் ஒளிர்ந்திருக்கும்.

"இது வினாகிரி என்கிற புளித்த காடியின் கறையாகத்தான் இருக்கும். நகரத்தில் மஞ்சள் காய்ச்சல் வந்து சனம் செத்துக்கொண்டிருந்த நேரம். தொடப் பயப்பட வேண்டாம், வினாகிரி தெளித்துத்தான் அனுப்புகிறேன் என்று அவரே தாய்க்கு எழுதியிருக்கிறார்."

போன உயிர் திரும்பி வந்தது. அங்கிருந்த முக்காலியில் பொத்தென்று இருந்துவிட்டேன். கண்ணீர் தானாக வந்தது. அதைத் துடைக்கவும் எனக்கு வெட்கமாக இல்லை.

"காலையில் நான் வருவதற்கு முன்பே வந்து கதவடியில் காத்து நின்று, என்னைக் கண்டதும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். நூலோடு வேலை செய்தது பிழைதான், இனிக் கூடாது. ஆனால் தானாக வந்து சொல்கிற ஆளிடம்தான் இந்தத் தாள்களை நம்பிக் கொடுக்கலாம். இவள் இங்கேயே இருக்கட்டும்" என்றார் தலைவி.

மகள் என்னை வாசல் வரை கூட்டிவந்தாள்.

"வேலையை விட்டிட்டு ஏனம்மா வந்தனீங்கள்?"

"உனக்காகப் பொய் சொல்ல வந்தனான்" என்றேன்.