வலக் கையில் பை, வலப் பக்கம் உறை

சென்ற மாதம் பரமட்டாவில் ஒரு கடையில், என் மருமகன் சிவநேசனின் இடுப்பை ஒரு வெள்ளைக்காரர் டேப் பிடித்து அளந்தார். தையற்கடை அல்ல. துப்பாக்கிக் கடை.

பதற வேண்டாம். சிட்னிக்கு வந்த இடத்தில் நாங்கள் தொழிலை மாற்றிக்கொள்ளவில்லை. சிவநேசன் இப்போதும் கணக்காளர்தான். நான் இப்போதும் ஓய்வூதியக்காரன்தான் – மகள் வீட்டில் பேப்பர் வாசித்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று தேடிக்கொண்டு, அவரவர் வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று அவரவருக்கே சொல்லிக்கொண்டு...

விஷயம் இதுதான். சிவநேசன் வேலை செய்யும் தொழிற்சாலையில் வாரச் சம்பளம். அதைக் கையில் காசாகத்தான் கொடுக்கிறார்கள். வியாழக்கிழமை காலை வங்கிக்குப் போய்ப் பணப் பையை வாங்கி வருவது சிவநேசனின் பொறுப்பு. வான் ஓட்டுவது சார்லி என்கிற மால்டாக்காரர். நெடுநாளாக இப்படியே நடந்துவந்தது. பக்கத்துத் தெருத் தொழிற்சாலையில் முகத்தில் காலுறை மாட்டிய இரண்டு பேர் வந்து, சம்பளப் பையையும் கிளார்க்கின் முன்பல்லையும் கொண்டுபோகும்வரை.

மறுநாளே மானேஜர் சிவநேசனைக் கூப்பிட்டார். இனி வியாழக்கிழமைகளில் ரிவால்வரோடு போக வேண்டும். கோட்டுக்குள்ளே, வெளியே தெரியாமல்.

லைசன்ஸுக்குக் கம்பெனி எழுதிப்போட்டது. சுடப் பழக்க ஒரு ஓய்வுபெற்ற சார்ஜன்ட் கிடைத்தார். துப்பாக்கி கம்பெனியின் இரும்புப் பெட்டியில் இருக்கும். கையெழுத்துப் போட்டு எடுக்க வேண்டும், திரும்பி வந்ததும் கையெழுத்துப் போட்டு வைக்க வேண்டும். நல்ல நடைமுறை. நான்கூடக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதை உடம்பில் எங்கே வைப்பது? அதற்கு ஒரு ஹோல்ஸ்டர், அதாவது தோல் உறை வேண்டும். அது உடம்புக்கு உடம்பு மாறும். ஆகவே உறையை நீயே பார்த்து வாங்கிக்கொள் என்று விட்டார்கள்.

வீட்டில் இந்தச் செய்தி எப்படி இறங்கியிருக்கும்?

"உந்த வேலையை விடுங்கோ" என்றாள் என் மகள் மலர்.

"விட்டுட்டு?" என்றார் சிவநேசன்.

அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் இரண்டு வருடம் இருந்தது. கொழும்பில் பெற்ற சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு கம்பெனி கம்பெனியாக ஏறியிறங்கிய மனிதர் அவர். இந்த ஊர் அனுபவம் உண்டா என்று எல்லாரும் கேட்டார்கள். யாரும் வேலை தராமல் அனுபவம் எங்கிருந்து வரும்? கிடங்கில் பெட்டி அடுக்கினார். பிறகுதான் இந்த நாற்காலி கிடைத்தது. அதுவும் இன்னும் நிரந்தரமாகவில்லை.

"அந்தப் பல்லுப் போன மனுசனுக்கும் வேலை இருந்ததுதானே?" என்றாள் மலர்.

"அவரிட்டைத் துவக்கு இருக்கேல்லை."

"இருந்திருந்தால் பல்லோடை போயிருக்காது."

இந்தக் கட்டத்தில் நான் தலையிட்டேன். வழக்கம்தானே. என்னைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும், நான் ஊரில் அரசாங்க அலுவலகமான கச்சேரியில் துப்பாக்கி லைசன்ஸ் பகுதியில் பல காலம் உட்கார்ந்தவன். பன்றி வந்து மரவள்ளியைக் கிண்டுகிறது என்று எழுதிக் கொடுத்தவர்களை எல்லாம் குறுக்கு விசாரணை செய்தவன். துவக்கு விஷயத்தில் எனக்குத் தெரியாத நடைமுறை இல்லை.

ஒன்றைத் தவிர. துவக்கை ஒளித்து வைப்பது எப்படி என்று என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. வயல் செய்யும் எங்கள் கமக்காரர் அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஊர் பார்க்க நடப்பார். பன்றிக்கு எப்படியோ, ஊருக்கு அது ஒரு தகவல். துவக்கின் பாதிப் பயன் கண்ணில் படுவதில்தான் இருந்தது. ஒளித்து வைத்த துவக்கு யாரை மிரட்டும்? அதைக் கண்ணில் காட்டும்போது காரியம் முற்றியிருக்கும். இதை அப்போதே யோசித்திருக்க வேண்டும். நானோ கடைக்குப் போக சப்பாத்துத் தேடிக்கொண்டிருந்தேன்.

கடைக்காரர் அகன்ற தோளும் செம்பட்டைக் கிருதாவுமாக இருந்தார். பொறுமைசாலி. முதலில் தோளில் மாட்டும் உறையைக் காட்டினார். இரண்டு தோளிலும் வார், அக்குளுக்குக் கீழே துப்பாக்கி. சிவநேசன் மாட்டிப் பார்த்தார். நன்றாகத்தான் மறைந்தது. ஆனால் இந்த ஊர் ஜனவரி வெயிலில் கோட்டைக் கழற்றாமல் ஒரு காலைப் பொழுதைக் கழிப்பது யார்? எடுப்பதும், கோட்டின் உட்பைக்குள் பேனா தேடுவது போல இருந்தது.

அடுத்தது கணுக்காலில் கட்டுவது. இப்போது எல்லாரும் போடும் பெல்பொட்டம் கால்சட்டைக்குள் பீரங்கியே வைக்கலாம். ஆனால் எடுக்கக் குனிய வேண்டுமே?

"கள்ளன்ரை காலிலை விழுந்து கும்பிட்ட மாதிரி இருக்கும் தம்பி" என்றேன்.

"சில நேரம் அதுதான் புத்தி மாமா."

நடு முதுகில் செருகும் உறையும் இருந்தது. வானில் சாய்ந்து இருக்க முடியாது, மல்லாக்க விழுந்தால் முதுகெலும்பும் மிஞ்சாது. கடைசியில் கால்சட்டைக்குள் இடுப்போரம் இறங்கி, பெல்ட்டைக் கவ்விக்கொள்ளும் ஒரு உறையில் வந்து நின்றோம். கடைக்காரர் அதை விளக்கிய விதம் எனக்குப் பிடித்தது. ஓடினாலும் குனிந்தாலும் நழுவக் கூடாது. விசை முழுவதும் தோலுக்குள் மூடியிருக்க வேண்டும். கண் பார்க்காமலே கை அந்த இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். மெல்லிய பெல்ட் போட்டால் எல்லாம் வீண் என்று தடித்த பெல்ட் ஒன்றையும் எடுத்து வைத்தார்.

பிறகு கேட்டார்: "எந்தக் கை?"

"வலது" என்றார் சிவநேசன்.

"அப்படியானால் பணப் பை எப்போதும் இடது கையில். மறக்க வேண்டாம்."

"நிச்சயமாக" என்றார் சிவநேசன். நானும் தலையாட்டினேன். நாங்கள் இரண்டு பேரும் படித்தவர்கள். இடது, வலது தெரியாதா?

வீட்டில் ஒத்திகை தொடங்கியது. துப்பாக்கி கம்பெனியில் இருப்பதால் என் மூக்குக்கண்ணாடிக் கூட்டைச் செருகிப் பழகினார். அளவு அப்படியே பொருந்தியது. இடக் கையில் பணப் பைக்குப் பதிலாக உருளைக்கிழங்குப் பை. நான் விறாந்தையில் நின்று "கள்ளன்" என்பேன். வலக் கை கோட்டை விலக்கும், கண்ணாடிக் கூடு வெளியே வரும். இரண்டு மூன்று நாளில் நல்ல வேகம் வந்துவிட்டது. எனக்குத்தான் ஒவ்வொரு முறையும் பேப்பர் வாசிப்பு தடைப்பட்டது.

மலர் ஒருநாள் குசினி வாசலில் நின்று பார்த்தாள். முதலில் சிரித்தாள். பிறகு, "அது உருளைக்கிழங்கு" என்றாள்.

"ஓம், உருளைக்கிழங்குதான். அதுக்கு?" என்றார் சிவநேசன்.

"ஒண்டுமில்லை" என்று உள்ளே போய்விட்டாள். பெண்கள் "ஒண்டுமில்லை" என்றால் நின்று கேட்க வேண்டும் என்பது எனக்கு இத்தனை வயதிலும் பழகவில்லை.

முதல் வியாழக்கிழமை வந்தது. "போட்டு வாறன்" என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வானம் தெளிவாக இருந்தால்கூடக் குடை இல்லாமல் அவர் படி இறங்கமாட்டார். மலர் ஒரே மேசையைத் திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

வழக்கத்துக்கு முன்பே அவர் திரும்பி வந்தார். சுகமில்லை என்று சொல்லி அரை நாள் லீவு எடுத்திருந்தார். குசினிக் கதிரையில் உட்கார்ந்தார். குடையை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டார்.

"என்ன நடந்தது? காசு போட்டுதோ?" என்றேன்.

"காசு இருக்கு மாமா. எல்லாம் கொண்டுபோய்க் குடுத்திட்டன்." கொஞ்சம் தண்ணீர் குடித்தார். "பாங்கிலை காசாளர் பையை நீட்டினார். வாங்கினன்."

"எந்தக் கையாலை?" என்றாள் மலர்.

அவர் தம் வலக் கையைத் திருப்பிப் பார்த்தார். "காசைப் போய் மற்றக் கையாலை வாங்கலாமே?"

உருளைக்கிழங்கு என்று அவள் சொன்னது அப்போதுதான் எனக்கு விளங்கியது. உருளைக்கிழங்கை இடக் கையில் பிடிக்க நம்மில் யாருக்கும் தயக்கமில்லை. காசு வேறு. பஸ் கொண்டக்டருக்குச் சில்லறை நீட்டும்போதுகூடக் கை மாற்றி நீட்டுகிறவர்கள் நாம். லட்சுமியை இடக் கையில் தூக்கிக்கொண்டு நடுத்தெருவில் நடப்பதாவது? அது யோசித்துச் செய்வதில்லை. கை தானாகச் செய்வது. கடைக்காரர் கேட்டபோது நாங்கள் சொன்னது மூளையின் பதில். வங்கியில் வேலை செய்தது கை.

மிச்சத்தை அவரே சொன்னார். வலக் கையில் பையோடு வெளியே வந்திருக்கிறார். வான் மூலையில் நின்றது. பாதி வழியில், பின்னால் யாரோ ஓடிவரும் சத்தம். "ஏய்!" என்று ஒரு கத்தல். திரும்பினால் வேலைச் சட்டை போட்ட ஒரு பெரிய ஆள், கையில் கறுப்பாக, நீளமாக எதையோ தூக்கிக்கொண்டு நேரே இவரை நோக்கி ஓடி வருகிறான்.

"துவக்கு எண்டு நினைச்சன் மாமா. என்ரை கை இடுப்புக்குப் போகப் பாக்குது. பை கையிலை. பையை விடு எண்டு சொல்லுறன், விரல் விடுதில்லை. நிலத்திலை போட மனம் வரேல்லை. மற்றக் கை சும்மா தொங்குது. அதுக்கிடையிலை அந்தாள் கிட்ட வந்திட்டான்."

"வந்து?"

மடியிலிருந்த குடையைக் காட்டினார். "'மேட், குடையை விட்டிட்டுப் போறாய்' எண்டு நீட்டினான். கவுண்டரிலை சாத்தி வைச்சிட்டு வந்திட்டன்."

யாரும் சிரிக்கவில்லை.

"நீங்கள் என்ன சொன்னியள்?" என்றாள் மலர்.

"தாங்ஸ் எண்டன். இடக் கையாலை வாங்கினதுக்கு ஸொறி எண்டும் சொன்னன். அந்தாளுக்கு விளங்கேல்லை. நான் பேரும் கேக்கேல்லை."

"பை இடக் கையிலை இருந்திருந்தால்?"

அடுப்பில் கேத்தில் கொதித்து விசிலடித்தது, அதை நிறுத்த யாரும் எழும்பவில்லை.

அன்றைக்கு நிறைய யோசித்தேன். கொள்ளைக்காரர் இல்லை என்று சொல்ல மாட்டேன். பக்கத்துத் தெருக் கிளார்க்கின் பல் போனது உண்மை. ஆனால் நாங்கள் தோளா, காலா, இடுப்பா என்று அலசியதெல்லாம் கள்ளன் ஒருவனை மனதில் வைத்து. அவனுடைய உயரம், வேகம், வருகிற திசை எல்லாம் தீர்மானித்துவிட்டோம். ஓடி வருகிறவன் நல்லவனாகவும் இருக்கலாம் என்று ஒரு நிமிடம் யோசித்தோமா? முன்பின் தெரியாத ஒரு கறுப்புத் தோல்காரனின் குடைக்காக, தன் வேலையை விட்டுவிட்டு வெயிலில் ஓடி வந்த மனிதன். அவன் உயிரோடு வீட்டுக்குப் போனதற்குக் காரணம் எங்கள் பயிற்சி அல்ல. பயிற்சி தோற்றதுதான் காரணம்.

மாலையில் சிவநேசன் சொன்னார்: "மாமா, நான் இனி உதைக் கட்ட மாட்டன். வேலை போனால் போகட்டும்."

மலர் அவர் தோளில் கை வைத்தாள். "பெட்டி அடுக்கலாம்" என்றாள்.

அப்போதுதான் எனக்குக் கச்சேரியின் பெட்டகம் ஞாபகம் வந்தது. அதற்கு இரண்டு பூட்டு. இரண்டு திறப்பு. இரண்டும் ஒருவரிடம் இருக்கக் கூடாது என்பது வெள்ளைக்காரன் காலத்து விதி. அவர்களுடைய விதியை அவர்களுக்கே ஞாபகப்படுத்தினால் என்ன? பணம் சுமக்கிறவரும் காவல் காக்கிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. இதை மானேஜரிடம் எப்படிச் சொல்வது என்று சிவநேசனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவர் நான் சொன்னதில் பாதியைத்தான் சொன்னாராம். பாதி போதுமாக இருந்தது.

மானேஜர் யோசித்துவிட்டு, அப்படியானால் துப்பாக்கியைச் சார்லி கட்டட்டும் என்றார். சார்லியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

"எனக்குச் சம்பளம் வான் ஓட்டத்தான்" என்றாராம் சார்லி. "ஆளைச் சுட வேறு ஆளைப் பாருங்கள்."

இரண்டு நாள் எங்கள் வீட்டில் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள், பணம் கொண்டுவருவதையே தொழிலாகச் செய்யும் ஒரு கம்பெனியிடம் வேலையை ஒப்படைத்துவிட்டார்கள். இப்போது வியாழக்கிழமைகளில் இரும்பு வான் வருகிறது. சீருடை போட்ட இரண்டு பேர் இறங்குகிறார்கள். ஒருவர் பையைத் தூக்குகிறார், மற்றவர் சும்மா நிற்கிறார். துப்பாக்கி ஊர் பார்க்க இடுப்பில் தொங்குகிறது. எங்கள் கமக்காரருக்கு இது எப்போதோ தெரியும்.

சிவநேசனுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் சில நாள் அந்த வங்கிப் பக்கம் நடந்து போகிறார். குடைக்காரர் இதுவரை கண்ணில் படவில்லை.

மிஞ்சியது உறை. வியர்வை பட்ட தோலைக் கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டார். மலர் அதைக் குப்பையில் போடச் சொன்னாள். நல்ல தோல், எனக்கு மனம் வரவில்லை. இப்போது அது என் பெல்ட்டில் இருக்கிறது. அதற்குள் என் மூக்குக்கண்ணாடி. வீட்டில் தேடுகிற வேலை ஒழிந்தது.

யாராவது என்னை நோக்கி ஓடி வந்தால் நான் சட்டென்று உருவி எடுப்பேன் – வருவது யார் என்று பார்க்க.