பெட்டி போட்ட தாளம்

மாலை நாலு மணி பத்து நிமிடத்துக்குப் பக்கத்து வீட்டுத் தறி நின்றது. ஆறு மணிக்கு நான் கோயில் குளத்துப் படியில் நின்று, தண்ணீரைப் பார்த்து என் மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். இரண்டுக்கும் காரணம் ஒரு பெட்டி. அதன் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

எழுபதுகளின் கடைசி. பிள்ளையார்பாளையத்தில் வாடகைக்கு இருந்தோம். நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. கணவருக்கு வேலூரில் வேலை, சனிக்கிழமைதான் வருவார். சிங்கப்பூரிலிருந்து வந்த என் தம்பி அக்கா மகளுக்கென்று கொண்டுவந்த மின்சார ஆர்கன் அது. ஆர்மோனியம் மாதிரி கட்டைகள், ஆனால் துருத்தி கிடையாது. மேலே வரிசையாகப் பொத்தான்கள். ஒன்றை அழுத்தினால் உள்ளே ட்ரம் அடிக்கத் தொடங்கும். மார்ச் தாளம் என்றால் இரண்டிரண்டாக, வால்ட்ஸ் என்றால் மும்மூன்றாக. இன்னொரு விசையைத் தள்ளிவிட்டு இடது கையால் ஒரே கட்டையைப் பிடித்தால் மூன்று சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும். அடியில் கனத்த குரல் ஒன்று தாளத்தோடு கூடவே நடக்கும். வலது கைக்குப் பாட்டு மட்டும்தான் வேலை. இரண்டே வாரத்தில் என் பதினேழு வயது மகள் ஒரு முழுக் குழுவே கூடத்தில் உட்கார்ந்திருப்பதுபோல வாசித்தாள்.

"ஒரு விரல் போதும்மா. மத்ததை அது பாத்துக்கும்" என்பாள்.

எனக்குப் பிடிக்காததே அந்தப் பேச்சுதான். அவள் தடுமாறினால் அந்தத் தாளம் காத்திருக்காது. கூட வாசிக்கிற மனிதர் என்றால் ஒரு கணம் நின்று சேர்த்துக்கொள்வார். இது தன் பாட்டுக்கு அடித்துக்கொண்டே போகும்.

எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் தறிக்குழி. கணவன் மனைவி இரண்டு பேரும் சேர்ந்து கோர்வைச் சேலை நெய்தார்கள். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம், இரண்டும் இழைக்கு இழை கோத்துச் சேரும் இடம்தான் கோர்வை. அவர் குழியில் உட்கார்ந்து மிதிகட்டையை மிதிப்பார். மறுபக்கத்துக் கரைக்கு நூல் சுற்றிய நாடாவைத் தள்ளுவது மனைவி. பேச்சே இருக்காது. எப்போது தள்ள வேண்டும் என்று தறிச் சத்தத்தை வைத்தே அந்த அம்மாளுக்குத் தெரியும்.

அன்று நாலு பத்துக்குத் தறி நின்றதும் அவர் நேராக எங்கள் வாசலுக்கு வந்தார். இடுப்பில் பட்டு நூல் ஒட்டியிருந்தது.

"டீச்சரம்மா, அந்த எழவை நிறுத்தச் சொல்லுங்க."

"என்ன ஆச்சு?"

"இன்னா ஆச்சா? ரெண்டு வாரமா அது ரெண்டு ரெண்டா அடிச்சுது. எங்க காலும் கையும் எங்களுக்கே தெரியாம அதோட போய்க்கினு இருந்துச்சு. இன்னிக்கு மூணு மணிக்கு உங்க பொண்ணு மூணு மூணா மாத்திட்டா. என் வூட்டுக்காரி முன்னாடியே தள்றா, நான் பின்னாடி மிதிக்கிறேன். ரெண்டு விரல் அகலத்துக்குக் கோர்வை கோணிக்கினு நிக்குது. வெள்ளிக்கிழமை தறியிலேர்ந்து அறுத்துக் குடுக்க வேண்டிய முகூர்த்தச் சேலை!"

அவர் மனைவி பின்னாலேயே வந்து, "பொட்டிய வாசிக்க விட்டுட்டு இவ சும்மா குந்திக்கினு இருக்கா. நாங்க சும்மாவா இருக்கோம்?" என்றாள்.

தெரு கூடிவிட்டது. பெண்ணின் பக்கம் நின்றிருக்க வேண்டியவள் நான். அதற்குப் பதில் கத்தரிக்கோலை எடுத்துவந்தேன். பிளக்கைப் பிடுங்கி, எல்லோரும் பார்க்க ஒயரை வெட்டினேன்.

"ஒத்தை விரலால தட்டுறதுக்குப் பேரு வாசிப்பா? எங்கயாவது போய்த் தொலை!"

மகள் அழவில்லை. வெட்டிய ஒயரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தபோது அவள் கூடத்தில் இல்லை.

அவள் செருப்பு வாசலிலேயே கிடந்தது. வெளியே போகிறவள் செருப்பைப் போட்டுக்கொண்டுதானே போவாள்? திரும்பி வரப் போகிறவள் என்றால்?

அவள் தோழி வீட்டுக்கு ஓடினேன். பள்ளிக்கூடத்துக்கு, பஸ் ஸ்டாண்டுக்கு. சாயப்பட்டறை வாசலில் கை முழங்கைவரை சிவந்து நின்றவரிடம் கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினார். டீக்கடையில் ஒருவன், "பாட்டுப் பொட்டி வூட்டுப் பொண்ணா? பொட்டியையே கேளுங்க டீச்சரே, அதுதான் எல்லாத்தையும் தானாச் செய்யுதாமே" என்றான். சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு காதில் ஒலிக்கத்தான் குளத்துக்குப் போனேன். தண்ணீர் அசையாமல் கிடந்தது. அசையாதது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை.

தெருவில் மேலும் கீழுமாக அவள் பெயரைக் கூவியபடி நடந்தேன். பக்கத்து வீட்டை நாலு முறை கடந்திருப்பேன். கதவு சாத்தியிருந்தது, தறிச் சத்தம் இல்லை. சண்டை போட்ட வாசலில் நின்று "என் பெண்ணைப் பார்த்தீர்களா" என்று கேட்க வாய் வரவில்லை. ஊரில் எல்லோரிடமும் கேட்டவள், அங்கே மட்டும் கேட்கவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு வாசற்படியில் அவள் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. தறிக்காரர் மனைவி வந்தாள். பின்னால் வெறுங்காலோடு என் மகள். அவள் விரல் நுனிகளில் ஜரிகைத் தூள் மினுங்கியது.

செருப்போடு எழுந்தேன். அந்த அம்மாள்தான் பேசினாள்.

"அப்பவே வந்துட்டா. தப்பு என்னுது, கோணினதை நானே பிரிச்சுக் குடுக்கிறேன்னு குந்திட்டா. ஒவ்வொரு இழையாப் பிரிச்சா, ஒண்ணுகூட அறுக்கலை. அம்மாகிட்ட சொல்லாதீங்கன்னு கேட்டா, சொல்லலை. நீங்க தெருவுல கூவினது எங்க மூணு பேருக்கும் கேட்டுது. டீச்சரம்மாவே வந்து கேக்கட்டும்னு சும்மாதான் இருந்தோம். இன்னும் ஒரு விரல் அகலம் பிரிக்கப் பாக்கி இருக்குது டீச்சரம்மா, காலையில அனுப்புங்க. அவளை மட்டும். பொட்டி உங்க வூட்டுலயே இருக்கட்டும்."