ரெஜினாவின் டிஸ்க் காலியாக இருக்கவில்லை

ரெஜினா எங்களிடம் ஒரு காலி டிஸ்க்கைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள் என்று அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்திலேயே பேசினார்கள். இப்போதும் பேசுகிறார்கள். அது உண்மையல்ல. பாடகர் குழுவின் நினைவு மலரில் எனக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். அவளைப் புகழ்வதற்கு முன்பு இதைத் திருத்தியாக வேண்டும்.

செய்தி வந்தபோது நான் தண்ணீர்மலைச் சாலை வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அவள் தம்பி அழைத்தார். "டீச்சர், அக்கா போயிட்டாங்க" என்றார். எப்போது, யார் அருகில் இருந்தார்கள், பாதிரியார் வந்தாரா என்று கேட்டேன். கேட்க வேண்டியதை வரிசையாகக் கேட்பது கான்வென்ட் பள்ளியில் பாடம் நடத்திப் படிந்த பழக்கம். போனை வைத்துவிட்டு, மிச்சமிருந்த கீரையையும் ஆய்ந்தேன். சமைக்கவில்லை.

அவளைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பத்து காவான் என்ற ஊரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பொறியாளராக இருந்தவள். என்னைவிட இருபது வயது இளையவள். என் கணவர் நடத்திய பாடகர் குழுவில் பாடியவள். அவர் இறந்த பிறகு, தவக்காலத்தில் எஸ்டேட் சிற்றாலயங்களில் பாடப்பட்ட, இயேசுவின் பாடுகளைச் சொல்லும் புலம்பல்களைச் சேகரிக்க வேண்டும் என்று என்னிடம் வந்தாள். எஸ்டேட்டுகள் போய்விட்டன, சிற்றாலயங்களும் போய்விட்டன, பாடியவர்கள் அடுக்குமாடி வீடுகளில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவள் காரில் நிபோங் திபால் வரை போய், வீடு வீடாக உட்கார்ந்து பதிவு செய்தோம். ஒரு பெரியவர், இன்ன சிற்றாலயம் இன்ன இடத்தில் இருந்தது என்று கையால் வரைந்து காட்டினார். திரும்பும் வழியில் ரெஜினா, "டீச்சர், அது எங்க கம்பெனி கார் பார்க். நான் தினமும் பீடத்து மேலதான் கார் விடுறேன். பாவசங்கீர்த்தனத்துல சொல்லணுமா?" என்றாள். பாதிரியாரைக் கேள், என்னைக் கேட்காதே என்றேன்.

பதிவுகளுக்குப் பெயரிடுவது என் வேலை. ஊர், முக்காற்புள்ளி (:), எத்தனையாவது புலம்பல், பாடியவர் பெயர். முக்காற்புள்ளியைக் கணினி ஏற்கவில்லை. விண்டோஸ் கோப்புப் பெயருக்குள் அந்தப் புள்ளிகளை வைக்கக்கூடாது என்றாள் ரெஜினா. சிறு கோடு போட்டுக்கொள்ளுங்கள் என்றாள். ஊருக்கும் பாட்டுக்கும் நடுவே கோடு போட்டால் அது கழித்தல் கணக்கு என்றேன். சிரித்தாள். அடுத்த வாரம் வந்து என் கணினியின் டிஸ்க்கை இரண்டாகப் பிரித்து, ஒரு பாகத்தில் விண்டோஸை விட்டுவிட்டு, மறுபாகத்தில் லினக்ஸ் என்ற வேறொரு இயங்குதளத்தை வைத்துக் கொடுத்தாள். அங்கே முக்காற்புள்ளிக்குத் தடையில்லை. முக்காற்புள்ளி இல்லாமல் வாழ்ந்திருக்கலாமே என்று இன்று சிலர் என்னிடம் சொல்கிறார்கள். வாழ்ந்திருக்கலாம். தவறாக வாழ்ந்திருப்போம்.

ஒரே டிஸ்க்கில் இரண்டு முறைகள் எப்படி இருக்கும் என்று கேட்டேன். ஒரே நோட்டில் பாதிப் பக்கங்களுக்கு நான்கு கோடும் மீதிப் பக்கங்களுக்குக் கட்டமும் போட்டது போல என்றாள். லினக்ஸுக்கு இரண்டும் படிக்கத் தெரியும். விண்டோஸுக்குத் தன்னுடையது மட்டும்தான் தெரியும்.

அதை நான் ஆலய அலுவலகத்தில் கண்ணால் பார்த்தேன். லினக்ஸ் முறையில் அவள் எழுதிக் கொடுத்த பென் டிரைவை அங்கிருந்த கணினியில் செருகினேன். இதை ஃபார்மட் செய்தால்தான், அதாவது உள்ளதை அழித்துப் புதிதாகக் கோடு போட்டால்தான், பயன்படுத்த முடியும், செய்யட்டுமா என்று திரை கேட்டது. பணிவான கேள்வி. என் விரல் மவுஸின் மேல் இருந்தது. பின்னாலிருந்து ரெஜினா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வேணாம்னு சொல்லுங்க டீச்சர். அது காலி இல்ல. இதுக்குப் படிக்கத் தெரியல, அவ்ளோதான்."

பதிவுகள் எல்லாவற்றையும் ஒரே டிஸ்க்கில் சேர்ப்பது அவளுடைய கடைசி வேலையாயிற்று. பழைய டிஸ்க் விண்டோஸ் முறையில் இருந்தது. அப்படியே மாற்றிவிட முடியாதா என்று கேட்டேன். லினக்ஸின் முறைகளுக்குள் சிலவற்றை இருந்த இடத்திலேயே மாற்றலாம். விண்டோஸ் முறையிலிருந்து லினக்ஸ் முறைக்கு அப்படி நம்பத்தக்க வழியில்லை. எல்லாவற்றையும் தன் கணினியில் இறக்கி வைத்து, டிஸ்க்கைத் துடைத்து, புதிதாகக் கோடு போட்டுத் திரும்ப எழுத வேண்டும் என்றாள். உடம்பு முடியாத நிலையிலும் அதைச் செய்தாள். குழுவினருக்காக ஒரு சிறு பாகத்தை மட்டும் விண்டோஸுக்குப் புரியும்படி விட்டு, ஞாயிறு பாடல்கள் சிலவற்றை அதில் வைத்தாள். புலம்பல்கள் அனைத்தும் பெரிய பாகத்தில், லினக்ஸ் முறையில், முக்காற்புள்ளிகளோடு இருந்தன. போனில் ஒவ்வொரு பெயராகப் படித்துக் காட்டினாள். திருத்த ஒன்றுமில்லை.

மருத்துவமனைக்குப் பார்க்க வந்த குழுச் செயலாளர் அலோசியஸிடம் அதைக் கொடுத்து, டீச்சர் கையில் சேர்த்துவிடுங்கள் என்றாளாம். அலோசியஸ் அதை முதலில் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். விண்டோஸ் கணினியில் செருகினார். அடக்கத்தன்று என்னிடம் வந்து, "நாலஞ்சு பாட்டுதான் டீச்சர். மத்த பாகம் எல்லாம் காலி லா" என்றார். இடையில் கணினி ஏதாவது கேட்டதா என்றேன். "என்னமோ கேட்டுச்சு. எதை அழுத்துனேன்னு ஞாபகம் இல்ல டீச்சர்" என்றார்.

திறக்கவில்லை என்று அவர் சொல்லியிருந்தால் அன்றிரவு நான் தூங்கியிருப்பேன். படிக்கத் தெரியாத கணினி, படிக்க முடியவில்லை என்றுதான் சொல்லும். காலியாகத் திறந்து காட்டாது. காலியாகத் திறக்க வேண்டுமானால், அந்த ஃபார்மட் கேள்விக்கு யாரோ ஆம் என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் சொன்ன சொல் 'காலி'.

அவள் கணினியில் இருந்த பிரதியைக் கேட்டு அவள் தம்பிக்குப் போன் செய்தேன். வீட்டை ஒழித்தபோது அதைப் பழைய சாமான் லாரியில் ஏற்றிவிட்டாராம். அவருக்கு எப்படித் தெரியும்? என் கணினியில் இருந்தவற்றை நானே அவளிடம் கொடுத்து, இடம் வேண்டுமென்று அழித்திருந்தேன்.

பாடியவர்களில் அநேகமாக எல்லோரும் இறந்துவிட்டார்கள். அந்தப் பெரிய பாகத்தில் என் கணவரின் குரலும் இருந்தது; அவர் இருந்தபோது குழுப் பயிற்சியில் ரெஜினா பதிவு செய்து வைத்திருந்த ஐந்தாம் புலம்பல், நடுவில் ஒருமுறை இருமுவார். வேறெங்கும் அவர் குரல் கிடையாது. இருமலை வெட்டிவிடவா என்று ரெஜினா கேட்கவே இல்லை. அவளைப் பற்றி இதைவிடப் பெரிதாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஜெபம் செய்து பார்க்கிறேன், வார்த்தை வரவில்லை. அவளிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது மணிக்கட்டில் அந்தப் பிடி மட்டும். அது சரியான நேரத்தில் வந்தது, ஆனால் வேறொரு நாளில், அலோசியஸின் கையில் அல்ல, என் கையில்.

அலோசியஸ், டிஸ்க் இன்னும் உங்கள் வீட்டில் இருக்கிறது. அதை மறுபடி எதிலும் செருக வேண்டாம். அந்தப் பாகம் திறக்க மறுத்ததா, திறந்து காலியாக இருந்ததா? திறந்திருந்தால், அதன் பிறகு அதில் எதையாவது சேமித்தீர்களா? சேமிக்காதிருந்தால் சிலவற்றையாவது மீட்கலாம் என்று அவளுடன் வேலை செய்தவர்கள் சொல்கிறார்கள். நான் நம்பிக்கை வைக்கவில்லை, தெரிந்துகொள்ள விரும்புகிறேன். போன் வேண்டாம்; போனில் கேட்டால் 'வருகிறேன் டீச்சர்' என்று மட்டுமே சொல்கிறீர்கள். இந்த இரண்டு கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் தாருங்கள்.