மொட்டைமாடியில் போன மீசை

டிஷ் மாட்டுகிறவரை அந்த வட்டாரத்தில் எல்லோரும் மீசை என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் பள்ளிக்கூடப் பதிவேட்டோடு சரி. கன்னத்தில் பாதி தூரம் ஏறி, நுனியில் முறுக்கிக்கொண்டு நிற்கும் மீசை அது. ரேடியோ பழுது பார்த்த அப்பாவுக்கும் இதே மீசை, மின்கம்பம் ஏறிய பெரியப்பாவுக்கும் இதே மீசை. சித்தப்பா ஒருவருக்குத்தான் முளைக்கவில்லை, அவர் கதை வேறு.

முப்பது வருடமாக மாடி மாடியாக ஏறி இறங்குகிறவர் மீசை. சிக்னல் பார்க்கிற கருவி பைக்குள் சும்மா கிடக்கும். ஒரு கண்ணை மூடிக் கட்டைவிரலை நீட்டி, "இந்தா, இங்க நிக்குது பாரு" என்று டிஷ்ஷைத் திருப்பி நட்டை இறுக்குவார். கீழே டிவியில் படம் பளிச்சென்று வந்து நிற்கும். சாட்டிலைட் என்றால் கம்பத்து விளக்கு மாதிரி, வைத்த இடத்தில் நிற்கிற பொருள். அவருக்குத் தெரிந்த வானம் அவ்வளவுதான். வினை பிடித்ததும் அங்கேதான்.

அவருக்கு ஒரே தங்கை. தங்கை வீட்டுக்காரர் பஸ் டிரைவர். மச்சானும் மாப்பிள்ளையும் நகமும் சதையுமாக இருந்தவர்கள். நடுவில் வந்து சேர்ந்தார் ராக்கெட் முதலாளி. அவரை இவர்கள் நேரில் பார்த்ததா, பேசியதா? ஆயிரக்கணக்கில் சாட்டிலைட் விடுகிறவர், வாயைத் திறந்தால் ஒரு வம்பு, அவ்வளவுதான் தெரியும். போனில் பாதிப் பேர் அவரைச் சாமி என்றார்கள், பாதிப் பேர் சனியன் என்றார்கள். மீசை சாமி கட்சி. டிரைவர் சனியன் கட்சி.

"வானம் பெரிசு, இன்னும் எத்தனை ஆயிரம் வேணாலும் விடுவேன்" என்று முதலாளி சொன்ன செய்திக்குக் கீழே டிரைவர்தான் முதலில் எழுதினார்: "நாப்பது பஸ் போற ரோட்டுல நானூறு விட்டா என்ன ஆவும்? ஒண்ணோட ஒண்ணு இடிச்சு ஓட்டை உடைசல்தான் மிஞ்சும்."

மீசைக்கு ரத்தம் கொதித்தது. "நிக்கிற வண்டி எப்படி மாப்ள இடிக்கும்?" என்று பதில் போட்டார்.

"நிக்கிற மாதிரி தெரியிறது உங்க டிஷ் பாக்குறது மட்டும்தான் மச்சான். மத்ததெல்லாம் ஓடுது."

"யாருகிட்ட? முப்பது வருசம் வானத்தையே பாத்தவன்கிட்டயா? ஒரு சாட்டிலைட் ஓடுறத என் கண்ணால பாத்தா, அந்த நிமிஷமே மீசையை எடுத்துடறேன்!"

விரல் கொஞ்சம் வேகமாகப் போய்விட்டது. அதை அறுநூறு பேர் பார்த்தார்கள். சாமி கட்சி கைதட்டியது, சனியன் கட்சி கத்தியைத் தீட்டியது. மூன்று வாரம் இதே சண்டை. தங்கை நடுவில் மாட்டிக்கொண்டு, "அண்ணே, அந்த மனுசன் உங்களுக்குச் சொந்தமா பந்தமா? எங்க வீட்டுக்காரருதானே சொந்தம்?" என்று கேட்டுப் பார்த்தாள். யார் காதில் ஏறியது?

கடைசியில் டிரைவர் நாள் குறித்தார். சனிக்கிழமை, பொழுது சாய்ந்ததும், ஏழு பத்துக்கு, புதிதாக விட்ட சாட்டிலைட் வரிசை தலைக்கு மேலே போகிறதாம். அவர் போனில் ஒரு வான வரைபடம் அது வரும் திசையைக் காட்டியது.

தங்கை வீட்டு மொட்டைமாடியில் கூட்டம் என்றால் கூட்டம். கீழ்வீட்டுத் தையல்காரம்மா கழுத்தில் தொங்கிய இஞ்சு டேப்போடு வந்துவிட்டாள். தெருமுனை சலூன்காரர் கேட்காமலே பெட்டியோடு வந்து, மடக்கு நாற்காலியை விரித்துத் தூசி தட்டினார். தங்கை போனை உயர்த்தி நேரலை போட்டாள். மீசையின் மனைவி மட்டும், "முப்பது வருசமா காபி குடிச்சா பாதி அதுலதான் தங்குது. போனா போகட்டும்" என்று சனியன் கட்சியில் சேர்ந்துகொண்டாள்.

"அதோ, அந்தப் பக்கம்தான் வரும். எல்லாரும் திரும்புங்க!" என்றார் டிரைவர், போனை நெஞ்சுக்கு நேராகப் பிடித்து.

மீசைக்குச் சிரிப்பு வந்தது. மாப்பிள்ளை போனைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். டிரைவருக்கு இடமும் வலமும் தெரியும், திசை தெரியுமா? அந்த மாடியில் டிஷ் வைத்ததே மீசைதான், எந்தப் பக்கம் எது என்று கனவிலும் சொல்வார். சொல்வானேன்? கூட்டம் முழுக்க வெறும் வானத்தை அண்ணாந்து பார்க்க, அவர் தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து மீசையை நீவிக்கொண்டு நின்றார்.

ஏழு பத்து. ஏழு பதினொன்று.

"எங்கப்பா உங்க வண்டி? பங்க்சரா?" என்றார் சலூன்காரர்.

அப்போதுதான் தொட்டிக்குப் பக்கவாட்டில், கூட்டத்தின் முதுகுக்குப் பின்னால், ஒரு வெளிச்சப் புள்ளி கிளம்பியது. அதன் வாலைப் பிடித்தாற்போல் இன்னொன்று. பிறகு இன்னொன்று. கோத்த மணிபோல ஒரே நூலில், சத்தமே இல்லாமல், விறுவிறுவென்று ஏறி வந்தன. மீசையின் கை மீசையிலேயே நின்றுவிட்டது. பார்த்தது அவர் ஒருவர்தான். இரண்டு நிமிடம் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், வரிசை இருட்டுக்குள் போய்விடும். அப்பா மீசை, பெரியப்பா மீசை, இவர் மீசை, எல்லாம் தப்பிக்கும்.

வாய் நிற்க வேண்டுமே!

"டேய் மாப்ள! அங்க என்னத்தடா பாக்குற! இங்க, இங்க! அய்யோ, என்னமா ஓடுதுடா!"

சட்டென்று எல்லோரும் திரும்பினார்கள். தையல்காரம்மா 'ஆ' என்று வாயைப் பிளந்தாள். மீசை தொட்டி ஏணியில் பாதி ஏறிவிட்டார். "பதினாறு, பதினேழு, தங்கச்சி போனை மேல காட்டு, பத்தொம்பது, ஏய் யாரும் பேசாதீங்க, எண்ணிக்கை தப்புது!" முப்பத்து நான்கு எண்ணி, கடைசிப் புள்ளி மங்கி மறையும்வரை கையை ஆட்டிக்கொண்டே இருந்தார், ஊருக்குப் போகிற சொந்தக்காரரை வழியனுப்புவதுபோல.

இறங்கி வந்தவர் யாரும் கேட்கும்முன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"விடுங்க மச்சான், விளையாட்டுக்குத்தானே" என்றார் டிரைவர். குரல் இறங்கியிருந்தது. "நீங்க சொல்லலன்னா நாங்க பாத்திருக்கவே மாட்டோம்."

"பாத்தது என் கண்ணு மாப்ள." என்றார் மீசை. சலூன்காரர் பக்கம் திரும்பி, "நீ வெட்டுய்யா" என்றார்.

ஐந்து நிமிட வேலை. மனைவி கிட்டே வந்து உற்றுப் பார்த்து, "யாருங்க நீங்க? எங்க வீட்டுக்காரரு வெளிய போயிருக்காரே" என்றாள். மாடி அதிர்ந்தது. அவரும் வெறும் உதட்டைத் தடவிக்கொண்டு சிரித்தார்.

அங்கேயே படம் எடுத்துப் போட்டார். "ஓடுது. முப்பத்தி நாலு எண்ணினேன்." சாமி கட்சி அவரைத் துரோகி என்றது. சனியன் கட்சி வா தலைவா என்றது. அவர் கீழே இன்னொன்று எழுதினார்: "இத்தனை ஓடுதே, ரெண்டு குறுக்க வந்தா எது நிக்கும், எது போவும்? நடுவுல நின்னு கை காட்டுறது யாரு?"

கட்சிக்காரர்கள் அதைத் தாண்டிப் போய்த் தங்கள் சண்டையைத் தொடர்ந்தார்கள். பதில் பக்கத்தில் நின்ற மாப்பிள்ளையிடமிருந்து வந்தது.

"அதத்தானே மச்சான் மூணு வாரமா நானும் கேக்குறேன்!"

"கேட்ட, கேட்ட. மொதல்ல அந்தப் போனை நேரா புடி. அடுத்த வரிசை எப்ப வருதுன்னு பாரு."